பூனையை விரட்டினால் தெள்ளுப்பூச்சி போகுமா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கும் வேளையில், பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் நமக்கு ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய முறையீடு ஒன்று உண்டு. "சாமி, இந்தப் பூனையால் வீட்டில் உட்கார முடியவில்லை, பிள்ளைகளின் காலெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது" என்பர் தாய்மார். வீட்டுப் பெரியவரோ அதற்குள் தீர்ப்பும் வழங்கியிருப்பார்: பூனையைக் கோணிப்பையில் கட்டி வைகைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவது. பொறுமை குறைந்த வேறு சிலர், மாட்டுத் தொழுவத்தில் இருக்கும் உண்ணி மருந்தை எடுத்துப் பூனையின் முதுகில் ஊற்றிவிடுவர். முதல் வழியில் பூனை வீட்டை இழக்கிறது. இரண்டாம் வழியில் உயிரையே இழக்கிறது. தெள்ளுப்பூச்சி மட்டும் இரண்டு வழியிலும் வீட்டிலேயே சுகமாக இருக்கிறது. இது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

முதலில் பகைவன் யார் என்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் பூனை, நாய், மாடு எதன் மேல் எது ஊர்ந்தாலும் "உண்ணி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது ஓரிடத்தில் வாயைப் பதித்து, இரத்தம் குடித்து, ஆமணக்கு விதைபோல் உப்பிக் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால்கள். எள்ளின் அளவுகூட இராது. பக்கவாட்டில் அமுக்கியது போன்ற மெல்லிய, கருஞ்சிவப்பான உடல். மயிர்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஓடும். விரலில் அகப்பட்டாலும் நழுவித் துள்ளும். ஏறக்குறைய ஒரு சாண் உயரம் துள்ள வல்லது. ஆகவேதான் நம்மை அது கடிக்கும் இடம் பெரும்பாலும் கணுக்காலும் கெண்டைக்காலுமாகவே இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்து வீடு வீடாகச் செல்லும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு: எந்த வீட்டில் தெள்ளு இருக்கிறது என்பதை வீட்டார் சொல்லாமலே அங்கியின் ஓரத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்!

பூச்சி கண்ணில் படாவிட்டாலும் சோதித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பூனையின் வால் அடியிலும் கழுத்திலும் மயிரை விலக்கிப் பாருங்கள். மிளகுத்தூள் போன்ற கரும்பொடி தென்பட்டால் அதைச் சிறிது எடுத்து, நனைத்த வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். பொடியைச் சுற்றித் தாள் செம்பழுப்பாக மாறினால் ஐயமே வேண்டா. அது தெள்ளின் கழிவு; செரித்தும் செரியாமலும் வெளியேறிய பூனையின் இரத்தம். வெறும் மண்ணாக இருந்தால் அவ்வாறு சிவக்காது.

இனி இச்சிறு பூச்சியின் வாழ்க்கையைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டவர்களே இதை வெல்ல முடியும். வளர்ந்த தெள்ளு பூனையின் மேல் ஏறியதும் சில நிமிடங்களில் இரத்தம் குடிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாள்களில் பெண் பூச்சி முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது வரையிலும் இடும். இந்த முட்டைகள் பேனின் ஈரைப்போல் மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை. வழவழப்பானவை ஆகையால் பூனை நடக்கும்போதும் படுக்கும்போதும் உதறும்போதும் உப்புப்போல் உதிர்ந்துகொண்டே இருக்கும். பூனை எங்கே அதிகம் படுக்கிறதோ, அங்கே அதிகம் உதிரும்: கட்டிலுக்கடியில், அடுப்பங்கரை மூலையில், நெல் மூட்டைகளுக்கிடையில், வைக்கோல் போரில், குழந்தையின் தொட்டிலுக்குக் கீழே.

சில நாள்களில் முட்டையிலிருந்து கால்களற்ற வெண்மையான புழு வெளிவருகிறது. அது வெளிச்சத்தைக் கண்டால் ஒளியும். பாயின் இழைகளிலும் தரை வெடிப்பிலும் புகுந்துகொள்ளும். உணவு? மேலே கூறிய அந்தக் கரும்பொடிதான். தாய்ப்பூச்சிகள் பூனையின் மேலிருந்து முட்டையோடு உணவையும் சேர்த்தே உதிர்த்துவிடுகின்றன. இத்தகைய ஏற்பாட்டைக் காணும்போது, இந்தப் பூச்சியின்மேல் எவ்வளவு வெறுப்பு இருப்பினும் நமக்கு வியப்பும் உண்டாகாமல் இல்லை. பின்னர்ப் புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு போன்ற ஒன்றைப் பின்னிக்கொள்கிறது. அது பிசுபிசுப்பானதால் தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும். துடைப்பத்தால் பெருக்கினாலும் எளிதில் அசையாது. மருந்தும் உள்ளே செல்லாது. வெப்பமும் ஈரமும் இசைந்தால் முட்டை மூன்று வாரத்துக்குள் பூச்சியாகிவிடும். இசையாவிட்டால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். அருகில் காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் உணரப்படும் நொடியில் உடைத்துக்கொண்டு வெளியே துள்ளும்.

ஆகஸ்டு இறுதியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்று, செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழாவும் முடிந்து திரும்பும் குடும்பங்கள், கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் நூற்றுக்கணக்கில் தெள்ளு மொய்ப்பதாகக் கூறுவர். "பத்து நாள் பூனையே வீட்டில் இல்லை சாமி, இவை எங்கிருந்து வந்தன?" என்று கேட்பர். எங்கிருந்தும் வரவில்லை, பத்து நாளும் அங்கேயே காத்துக்கொண்டிருந்தன. ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் குடும்பத்தில், பூனையின் மேல் காணப்படும் வளர்ந்த பூச்சிகள் நூற்றுக்கு ஐந்து பங்கே என்பது பூச்சியியலார் கூறும் கணக்கு. மற்றத் தொண்ணூற்றைந்து பங்கும் முட்டையாக, புழுவாக, கூடாக நம் வீட்டுத் தரையிலும் பாயிலும் இருக்கின்றன. பூனைக்கு மட்டும் மருந்திடுகிறவர் ஐந்தோடு போரிட்டுத் தொண்ணூற்றைந்தை மறந்துவிடுகிறார். பூனையை விரட்டுகிறவரோ அந்தத் தொண்ணூற்றைந்துக்கும் இரையாக வீட்டில் தம்மையும் தம் பிள்ளைகளையும் மட்டுமே மிச்சம் வைக்கிறார்.

நம் மதுரைச் சமவெளியின் தட்பவெப்பம் இவ்வகையில் நமக்குப் பாதி நன்மையும் பாதி தீமையும் செய்கிறது. தெள்ளின் புழுவுக்குக் காற்றில் ஈரம் பாதியளவாவது வேண்டும். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது மடிந்துபோகும். எனவே சித்திரை, வைகாசி வெயிலில் திறந்த முற்றத்திலும் மொட்டை மாடியிலும் அது பிழைப்பதில்லை. ஆயினும் வீட்டுக்குள் நிழலும் ஈரமும் உள்ள மூலைகளில், தண்ணீர்ப் பானைக்கு அருகில், சாணமிட்டு மெழுகிய மண்தரையின் வெடிப்புகளில் அது கோடையைக் கடத்திவிடும். வடகிழக்குப் பருவமழை வந்து காற்று ஈரமானதும் மளமளவென்று பெருகும். மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்து நெல் வயல் சூழ்ந்த ஊர்களில் மழைக்குப்பின் இம்முறையீடு மிகுவதற்கு இதுவே காரணம்.

இருந்த விலங்கு இல்லாமற் போனால் தெள்ளு மனிதனை நாடும் என்னும் உண்மையை நம் நாடு மிகப் பெரிய விலை கொடுத்தே கற்றது. 1896-ஆம் ஆண்டு பம்பாயில் கொள்ளைநோய் தோன்றி நாடெங்கும் பரவியபோது, அது எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கிறது என்பது எவருக்கும் விளங்கவில்லை. பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எலியின் தெள்ளின்மேல் ஐயம் கொண்டார். 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கராச்சி நகரில் அவர் நடத்திய சோதனை எளிமையானது. நோயுற்ற எலி ஒன்றைப் பெரிய கண்ணாடிச் சாடியில் இட்டார். அதன்மேல் இருந்த தெள்ளுகள் போதா என்று எண்ணி, தாம் தங்கியிருந்த விடுதியைச் சுற்றித் திரிந்த ஒரு பூனையைப் பிடித்து, அதனிடமிருந்தும் சில தெள்ளுகளைக் கடனாகப் பெற்றுச் சாடியில் விட்டார்! எலி சாகும் தறுவாயில், நலமான வேறோர் எலியைச் சிறு கம்பிக்கூண்டில் அடைத்துச் சாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தீண்டவில்லை. தெள்ளு மட்டுமே கூண்டுக்குள் துள்ளிச் செல்ல முடியும். சில நாள்களில் நலமாயிருந்த எலியும் கொள்ளைநோயால் மாண்டது. அவரது முடிவைப் பல ஆண்டுகள் அறிஞர் உலகம் ஏற்கவில்லை. பின்னர்ப் பம்பாயில் நடந்த விரிவான ஆய்வுகளே அதை உறுதிசெய்தன.

இது எங்கோ நடந்த செய்தியன்று. அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கம்பம் பள்ளத்தாக்கில் கொள்ளைநோய் நெடுங்காலம் வேரூன்றி நின்றது. அதைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் ஆய்வாளர் இருவர் 1934-ஆம் ஆண்டு விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டனர். வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரை விட்டு வெளியேறித் தோப்பிலும் வயலிலும் குடிசையிட்டுத் தங்குவது அக்காலத்து மக்கள் நாட்டின் பல பகுதிகளிலும் கைக்கொண்ட தற்காப்பு. செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டிறங்கி மனிதனைத் தேடும் என்பதை நூல் படிக்காமலே அவர்கள் அறிந்து நடந்தனர் எனலாம். எலியை மட்டும் அடித்துப்போட்டால் தீமை மிகும். எலியையும் தெள்ளையும் ஒருசேர அழிக்க வேண்டும் என்பதனாலேயே வளைகளுக்குள் நச்சுப்புகை செலுத்தும் முறை பின்னர் விரும்பப்பட்டது. நம் முன்னோர் அந்நாள்களில் புனித செபஸ்தியாரிடமும் புனித ரோக்கிடமும் வேண்டிக்கொண்டதன் பின்னணியில் எத்தகைய அச்சம் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார்.

எல்லாத் தெள்ளும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொள்ளைநோயை நன்கு பரப்புவது சீனோப்சில்லா கியோபிஸ் என்னும் எலித்தெள்ளு. சென்னையிலும் கொழும்பிலும் மிகுதியாகக் காணப்பட்டதோ, நோயைப் பரப்புவதில் மிகவும் பின்தங்கிய ஆஸ்டியா என்னும் அதன் உறவுப்பூச்சி. கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்னும் அறிஞர் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். பம்பாய் பட்ட பாட்டைச் சென்னை படாமல் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பூனைத்தெள்ளு வேறோர் இனம். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு, மடியில் உறங்கும் பூனையைக் கொள்ளைநோயின் தூதன் என்று எவரும் அஞ்ச வேண்டா. மாறாக, பூனையை விரட்டிவிட்ட வீட்டுக்கு எலி வரும். எலி தன் தெள்ளோடு வரும். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைக்காரர்கள் மூட்டைகளுக்கிடையே பூனைக்கு இடம் கொடுப்பது கருணையால் மட்டுமன்று.

ஆயினும் பூனைத்தெள்ளை அலட்சியம் செய்யவும் கூடாது. பால் குடிக்கும் குட்டிகளின் மேல் தெள்ளு மிகுந்தால் அவை இரத்தம் இழந்து சோகை கண்டு இறந்துவிடும். ஈறு வெளுத்திருப்பது அதன் அடையாளம். நாடாப்புழுவையும் இப்பூச்சியே பரப்புகிறது. அரிப்பெடுத்த பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்க, அதற்குள் இருந்த புழு குடலில் வளர்கிறது. வால் அடியில் சோற்றுப் பருக்கை போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவே. தரையில் தவழ்ந்து விளையாடும் குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினால் குழந்தைக்கும் அதே புழு வரும். பூனையின் நகக்கீறலால் சிலருக்கு வரும் காய்ச்சலுக்கும் தெள்ளின் கழிவிலுள்ள கிருமியே காரணம். கீறல் பட்டபின் நெறிகட்டிக் காய்ச்சல் கண்டால், வீட்டில் பூனை உண்டு என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

இப்போது நாம் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியதற்கு வருகிறோம். மனிதனுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் கேடு செய்யாத மருந்து பூனைக்கும் கேடு செய்யாது என்று எண்ணுவது பெரும் பிழை. சில பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதோடு, தன் மேல் பட்ட எதையும் அது நக்கியே தூய்மை செய்யும். ஆகவே அதன் முதுகில் ஊற்றுவது அதன் வாயில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். நாய்களுக்கென விற்கும் சொட்டு மருந்திலும் தூளிலும் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் ஆகியவையும் அவ்வாறே ஆபத்தானவை. ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்த கமாக்சீன் தூளின் மூலப்பொருளான பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டு நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. பரணில் பழைய டப்பா கிடந்தால் பூனைக்கென்று அதைத் தேடி எடுக்காதீர்கள். எம் பங்கில் ஒரு வீட்டில், முந்திய நாள் மாலை வரை நூல்கண்டை உருட்டி விளையாடிய பூனை, மாட்டு மருந்து பட்ட இரவே உடல் வெட்டிவெட்டி இழுத்து விடியுமுன் இறந்தது. அதை வளர்த்த சிறுமி பல நாள் தன் தந்தையோடு பேசவில்லை.

"நாட்டு மருந்துதானே" என்னும் நம்பிக்கையும் இங்கே உதவாது. கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய், அந்துருண்டை, புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய், பினாயில் யாவும் பூனைக்குத் தீங்கானவை. வேப்பெண்ணெய்கூடப் பூசத்தக்கதன்று. தவறி ஏதேனும் பட்டு, பூனை எச்சில் ஒழுக்கினாலோ, காதும் தோலும் துடித்தாலோ, நடுங்கினாலோ, உடனே வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவித் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் விரைந்து செல்லுங்கள். பாலோ எண்ணெயோ புகட்டிக் காலம் கடத்த வேண்டா.

செய்யத்தக்கது என்ன? பெரும் செலவு ஒன்றுமில்லை, விடாமுயற்சியே வேண்டும். தலைப்பேன் வாரும் நெருக்கமான பல்லுள்ள சீப்பு ஒன்றைப் பூனைக்கென்று ஒதுக்குங்கள். அருகில் ஒரு கிண்ணத்தில் சோப்பு நீர் இருக்கட்டும். கழுத்திலிருந்து வால் வரை மெல்ல வாரி, சீப்பில் வரும் தெள்ளை உடனே அந்நீரில் அமிழ்த்துங்கள். வெறும் நீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சோப்பு நீரில் மூழ்கிவிடும். சின்னஞ்சிறு குட்டிகளுக்கு இந்தச் சீப்பு ஒன்றே போதும், வேறு மருந்து வேண்டா. வளர்ந்த பூனையைக் குளிப்பாட்டத் துணிவுள்ளவர்கள் முதலில் கழுத்தைச் சுற்றி வளையம்போல் சோப்பு நுரை இட்டுவிட்டு உடலை நனைக்க வேண்டும். இல்லையேல் தெள்ளெல்லாம் தலைக்கு ஏறிக் கண், காது, மூக்கோரம் புகுந்துகொள்ளும். குளிப்பாட்டும் கையில் நகக்கீறல் விழாது என்பதற்கு நாம் பொறுப்பேற்க மாட்டோம்.

மருந்து வேண்டுமானால் பூனைக்கென்றே செய்த ஃபிப்ரோனில், செலமெக்டின் போன்ற சொட்டு மருந்துகள் உள்ளன. நாக்குக்கு எட்டாத பிடரியில் மயிரை விலக்கித் தோலின்மேல் இடுவது முறை. பூனையின் எடையையும் வயதையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் அளவு சொல்வார். பெரிய நாயின் மருந்தை வாங்கிப் பாதியாக்கும் சிக்கனம் வேண்டா. வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் இட வேண்டும்; நாய் இருந்தால் அதற்குரியதை அதற்கும் இட வேண்டும்.

பூனையைக் கவனித்த அதே நாளில் வீட்டையும் கவனிக்கத் தொடங்குங்கள். கோரைப்பாய், கோணி, சாக்கு, தலையணை அனைத்தையும் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் விரித்து, மறுபுறமும் திருப்பிப் போடுங்கள். நம் ஊர் வெயிலைவிட மலிவான தெள்ளு மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டெடுங்கள். பூனைக்கென்று ஓரிடத்தில் ஒரே துணியைப் போட்டுப் பழக்கினால், முட்டையும் பெரும்பாலும் அங்கேயே உதிரும். உங்கள் வேலையும் பாதியாகும். கட்டிலையும் மூட்டையையும் நகர்த்தி நாள்தோறும் பெருக்கி, குப்பையை மூலையில் கூட்டி வைக்காமல் உடனே வெளியேற்றுங்கள். தரை வெடிப்புகளை மண்ணாலோ சிமெண்டாலோ அடைத்துவிடுங்கள். இரவில் அகன்ற தாம்பாளத்தில் சோப்பு நீர் ஊற்றி, நடுவே சிறு விளக்கொன்றைக் குழந்தைகளுக்கு எட்டாதபடி வைத்தால், ஒளியையும் சூட்டையும் நாடித் துள்ளும் தெள்ளுகள் நீரில் விழும். வீடு முழுவதையும் இது தூய்மையாக்கிவிடாது. ஆனால் காலையில் எண்ணிப் பார்த்தால் எந்த அறையில் கூடு மிகுதி என்பதும், நாளுக்கு நாள் தொகை குறைகிறதா என்பதும் தெரியும்.

இரண்டாம் வாரத்தில் பூச்சி முன்னிலும் மிகுவது போல் தோன்றலாம். கூட்டுக்குள் காத்திருந்தவை வெளிவருகின்றன என்பதே அதன் பொருள். "மருந்து பலிக்கவில்லை" என்று பலர் கைவிடுவது இந்த வாரத்தில்தான். மாதம் ஒருமுறை மருந்தும், இடைவிடாத பெருக்கலும் வெயிலுமாக மூன்று மாதம் தொடர வேண்டும். மார்கழியில் தொடங்குவோர் பங்குனி வெயில் வரும்வரை தளராமல் இருந்தால், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

நகரத்தில் இருப்போர் தல்லாகுளத்திலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் பூனையைக் கொண்டுசெல்லலாம். கிராமங்களில் மாட்டுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருந்தகங்களிலேயே பூனைக்கும் கேட்கலாம், மருத்துவர் நகைக்க மாட்டார். சாக்கில் கட்டித் தூக்கிச் செல்லாமல், மூடியுள்ள மூங்கில் கூடையில் அதன் பழைய துணியை விரித்துக் கொண்டுபோனால் பூனை மிரளாது. போன இடத்தில் நாடாப்புழு மருந்தையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள். திரும்பியதும் அந்தத் துணியை நேரே கொதிநீரில் போட்டுவிடுங்கள்.